கொசுறாக வந்த சட்டி

பல்தாபாய் கை கொடுக்கவில்லை. சார்செனுக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

கிழட்டுக் கிடா ஒன்றை விற்பதானாலும் விற்கிறவன் வாங்குகிறவனின் கையைப் பிடிப்பான். பிடித்த கையை மேலும் கீழுமாகக் குலுக்கிக்கொண்டே விலை பேசுவான். தோள்மூட்டு கழன்றாலும் படியும்வரை விடமாட்டான். படிந்ததும் ஒரே ஒரு அழுத்து. அப்புறம்தான் கை அவரவருக்குச் சொந்தம். அந்த அழுத்துக்கு மேல் பத்திரமும் கிடையாது, சாட்சியும் கிடையாது. ஆரால் ஊர்ச் சந்தையில் லாரி உதிரிபாகக் கடை வைத்திருக்கும் சார்சென், குதிரைத் தரகனுக்கு மகனாகப் பிறந்தவன். பேச்சு வருமுன்பே அவனுக்குக் கைகுலுக்கல் வந்துவிட்டது என்று ஊரில் கேலி செய்வார்கள். அவனுக்கு ஒரே கொள்கை: பேரத்தில் முதலில் வாய் திறப்பவன் தோற்றான். கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கையைக் குலுக்க விட்டுவிடுவான். எதிராளி தானாகவே இறங்கி வருவான்.

கடல் வற்றிப்போன கரையிலிருந்த அந்தக் கிராமத்தில் மட்டும் இது பலிக்கவில்லை. பல்தாபாய் இரண்டு கைகளையும் எதிரெதிர்ச் சட்டைக்கைக்குள் செருகிக்கொண்டு சும்மா நின்றான். அந்த மௌனம் தாங்காமல் சார்செனே வாய் திறக்க வேண்டியதாயிற்று.

"லாரிக்குப் பெட்டைக் குதிரை ஒண்ணு, பக்கத்தொட்டி வெச்ச மோட்டார் சைக்கிள் ஒண்ணு. அதுக்கு மேல என்கிட்ட எதுவும் பேராது."

"சரி" என்றான் பல்தாபாய்.

"என்னய்யா சரி? குதிரையை நீங்க பார்க்கவே இல்லையே. பல்லையாவது பாருங்க."

"நல்ல குதிரையாத்தான் இருக்கும்."

முழு லாரி. சோவியத் காலத்து ஸில், நீல முகம், வெள்ளை மூக்கு, முனகாமல் கிளம்பும் எஞ்சின். பேரம் பேசாமல் விற்கிறவன் ஒன்று திருடியவன், இல்லாவிட்டால் எதையோ மறைக்கிறவன். சார்சென் லாரியைச் சுற்றிவந்து தட்டினான், முகர்ந்தான், அடியில் படுத்துப் பார்த்தான். இடது பக்கம் சற்றே சரிந்து நின்றது, பல்வலிக்காரன் கன்னத்தைத் தாங்குவதுபோல. மற்றபடி ஒன்றும் தட்டுப்படவில்லை. கிளம்பும்போது பல்தாபாய் தரையைப் பார்த்துக்கொண்டே ஒன்று சொன்னான்.

"முன்னாடி இடது ஸ்பிரிங் பட்டையில ஒரு பின் இருக்கு, தடி இரும்பு ஆணி மாதிரி. அதைக் கழட்டாதீங்க. கிரீஸ் மட்டும் வெச்சுக்கிட்டு வாங்க. எங்கண்ணன் கழட்டப் பார்த்தான்."

"கழட்டினாரா?"

"இல்லை."

முன் இடது சக்கரத்துக்கு மேலே, மட்கார்டில் இருந்த கொக்கியில் ஒரு சின்ன இரும்புச் சட்டி தொங்கியது. கொழுப்புக் கறை அடுக்கின்மேல் அடுக்காக ஏறிக் கருத்துப்போன சட்டி. பேரமில்லாத வியாபாரத்தில் கொசுறாவது கேட்காவிட்டால் செத்துப்போன அப்பன் கனவில் வந்து காறித் துப்புவார். "இதுவும் சேர்த்திதானே?" என்றான் சார்சென். பல்தாபாய் கைகளை இன்னும் ஆழமாகச் சட்டைக்கைக்குள் செருகிக்கொண்டான். வீட்டு வாசலில் கறுப்பு முக்காடிட்ட பெண் ஒருத்தி நின்றிருந்தாள். அண்ணன் மனைவியாக இருக்கலாம். லாரி நகர்ந்தபோது ஓட்டுகிறவனை அவள் பார்க்கவில்லை. இடது முன்சக்கரத்தையே பார்த்தாள். அவள் உதடுகள் அசைந்தன, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வதுபோல.

கழற்றாதே என்று ஒருவன் சொன்னால் அங்கேதான் ஓட்டை இருக்கிறது. சந்தையில் வளர்ந்த எவனுக்கும் இது தெரியும்.

மீன் பருவம் தொடங்கியிருந்தது. பனிக்கட்டியும் மீனும் ஏற்றினால் சரிந்து நிற்கும் லாரி முதல் பள்ளத்திலேயே படுத்துவிடும். எனவே அடுத்த வெள்ளிக்கிழமை, மதியத் தொழுகை முடிந்த கையோடு, வீட்டுக் கொட்டகையில் குழிக்கு மேலே லாரியை ஏற்றி நிறுத்தினான். ரயில்வே தண்டவாளக் கட்டைகளால் பக்கம் கட்டிய குழி. இறங்கி வேலை பார்க்க மைத்துனன் மக்சூத் வந்திருந்தான்; முப்பது வயது, எருமைத் தோள், வாயை மூடத் தெரியாதவன். லாரியை ஓட்டப்போகிறவனும் அவன்தான்.

சார்செனின் மனைவி அக்மரால் கொட்டகை வாசலில் வந்து நின்று ஜாக்கியை ஒருமுறை பார்த்தாள், புருஷனை ஒருமுறை பார்த்தாள்.

"என்னங்க, கட்டை அடுக்கிட்டீங்களா?"

"அடுக்கியாச்சு."

"ஏழு அக்காவுக்கு ஒரே தம்பி. இவன் மேல ஒரு கீறல் விழுந்தாலும் நீங்க ஏழு வீட்டுக்குப் பதில் சொல்லணும். எங்க பெரியக்காவை உங்களுக்குத் தெரியும்."

"தெரியாமலா. அவங்களுக்குப் பயந்துதான் குழிக்குள்ள இவனை விட்டுட்டு நான் வெளிய நிக்கிறேன். குழிக்குள்ள ஒண்ணும் விழாது. வெளிய நிக்கிறவன் தலையிலதான் எல்லாம் விழும்."

"அக்கா, போய் டீயைப் போடு" என்றான் மக்சூத் குழிக்குள்ளிருந்து. "மாமாவை நான் பத்திரமாப் பார்த்துக்கறேன்."

வெளியே உப்புக்காற்று கிளம்பியிருந்தது. வற்றிய கடலின் தரையை வாரிக்கொண்டு வருகிற காற்று. சூரியன் அவித்த முட்டை மாதிரி நிறமற்று மேலே தொங்க, முற்றமும் வேலியும் எதிர்வீட்டுக் கூரையும் ஒன்றன்பின் ஒன்றாக வெண்மைக்குள் கரைந்தன. கொட்டகைக் கதவின் இடுக்குகள் வழியே நுழைந்த வெளிச்சம் மாவு தூவியதுபோல அந்தரத்தில் நின்றது. நாக்கில் கசப்பு. பல்லில் நறநறப்பு. தகரக் கூரை மேல் ஓயாத ஒரு சரசரப்பு, யாரோ ஒரு பெரிய சாக்கை நிதானமாக இழுத்துப் போவதுபோல.

சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அச்சுக்கடியில் ஜாக்கியை மயிரிழை மயிரிழையாக ஏற்றியும் இறக்கியும் பட்டையின் பாரம் பின்மேல் விழாதபடி சார்சென் சரிபார்த்தான். இதைச் செய்யாதவன் ராத்திரி முழுக்க அடித்தாலும் பின் நகராது. பிடிபோல்ட்டுகள் இரண்டும் அழகாகக் கழன்றன. கிரீஸ் ஏறியிருந்தது, மரை தேயவில்லை. யாரோ அக்கறையாகப் பராமரித்திருக்கிறார்கள். அதுவும் உறுத்தியது. இவ்வளவு அக்கறைக்காரன் ஏன் இந்தப் பின்னை மட்டும் கழற்றவில்லை?

பித்தளைக் கம்பியைப் பின்னின் முகத்தில் வைத்து, குட்டைச் சம்மட்டியால் ஓங்கி அடித்தான். உட்பக்கம் மக்சூத் பின்னின் மறுமுனையில் உள்ளங்கையை வைத்து அசைகிறதா என்று பார்த்தான்.

டங்.

அப்புறம், சற்றுப் பொறுத்து, உள்ளே எங்கிருந்தோ மெதுவாக: டக்.

"அசைஞ்சுதா?"

"ஒண்ணும் காணோம் மாமா."

டங். சற்றுப் பொறுத்து, டக்.

சார்சென் சம்மட்டியைத் தாழ்த்தினான். மக்சூத்தின் குறும்பு ஊருக்கே தெரியும். எந்த அக்கா வீட்டுக்குப் போனாலும் கதவைத் தட்டுவதற்கு அவனுக்கென்று ஒரு தாளம் உண்டு. நீளமாக ஒரு தட்டு, விட்டு, குட்டையாக இரண்டு. டக். டக்டக். அதைக் கேட்டதுமே அக்காள்கள் சிரித்துக்கொண்டே ஓடிவந்து திறப்பார்கள்.

"டேய் கழுதை, திருப்பித் தட்டாதே. வேலை நேரத்துல விளையாட்டு வேண்டாம்."

"நானா? நான் கையை வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். நீங்கதான் ஒவ்வொரு தடவையும் ரெண்டா அடிக்கிறீங்க. கை நடுங்குதோ? வயசாயிடுச்சு, அக்காகிட்ட சொல்றேன்."

"ரெண்டு கையையும் மேல எடு. குழி ஓரத்துல என் கண்ணுக்குத் தெரியிற மாதிரி வை."

கறுப்பு எண்ணெய் படிந்த பெரிய கைகள் இரண்டும் குழி விளிம்பில் வந்து அமர்ந்தன. விரல்களை ஆட்டிக் காட்டினான் மக்சூத்.

டங்.

கைகள் அங்கேயே இருந்தன.

டக்.

"பழைய இரும்பு மாமா. எதிரொலிக்குது."

சார்செனுக்கு மனம் ஒப்பவில்லை. எதிரொலி அடியின் வாலைப் பிடித்துக்கொண்டே வரும்; இப்படி நின்று யோசித்துவிட்டு வராது. ஆனால் பானையைத் தட்டிப் பார்த்து வாங்குகிற எவனும் அறிந்தது ஒன்றுண்டு: விரிசல் விட்டது இரண்டு குரலில் பேசும். ஆக, பின்னைப் பிடித்திருக்கும் பிராக்கெட் உள்ளுக்குள் பிளந்திருக்கிறது. அந்தச் சட்டைக்கைக்காரன் மறைத்தது இதைத்தான். பின்னைக் கழற்றி விரிசலைக் கண்ணால் பார்த்துவிட்டால் போதும். லாரியை அவன் வாசலில் தள்ளிவிட்டுக் குதிரையை ஓட்டிக்கொண்டு வந்துவிடலாம். இந்த எண்ணம் அவனுக்கு ஒரு நிம்மதியைக் கொடுத்தது. மனிதர்கள் ஏமாற்றுவது பழகிய விஷயம்.

பர்னரைப் பற்றவைத்தான். நீலத் தீயைப் பின்மேல் காட்டாமல் பிராக்கெட்டைச் சுற்றிக் காட்டினான். வெளிக்கூடு விரிந்தால்தான் உள்ளிருப்பது தளரும். சூடேறிய இடுக்கில் மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் உருகி உள்ளே இறங்கி வழுக்கிக் கொடுக்கும். கடையில் மெழுகுவர்த்தி பெட்டி பெட்டியாக இருந்தது. ஆனால் விற்கிற சரக்கை வியாபாரியே எடுப்பதும் திருட்டும் ஒன்று. வீட்டில் செம்மறி வால் கொழுப்பு இருந்தது. கொசுறாக வந்த சட்டி பக்கத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. கொழுப்பை அதில் போட்டு மண்ணெண்ணெய் அடுப்பில் வைத்தான்.

சட்டி சட்டென்று காய்ந்தது. காத்திருந்ததுபோல.

கொழுப்பு உருகிச் சிணுங்கி, ஓரங்களில் பொன்னிறமாகி, புகைய ஆரம்பித்தது. சார்செனின் மூக்கு சின்ன வயதிலிருந்தே அறிந்த மணம். வெள்ளிக்கிழமைதோறும் தெருவின் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் எழும் மணம். இறந்தவர்களுக்குச் சோறு போட முடியாது. மணம் போடலாம். கொழுப்பைக் காய்ச்சி, அப்பம் சுட்டு, பெயரைச் சொல்லி, 'போய்ச் சேரட்டும்' என்று முகத்தைத் தடவிக்கொண்டால் மண்ணுக்கடியில் இருப்பவர்களின் பசி ஆறும்.

மக்சூத் மூக்கை உறிஞ்சினான். "யாருக்கு மாமா மணம் விடறீங்க? உங்கப்பாவுக்கா?"

"அவர் உசிரோட இருந்தப்பவே எனக்கு ஒரு எலும்பு கூட மிச்சம் வெச்சதில்லை. அவருக்கெதுக்கு?" சார்சென் கரண்டியால் கொழுப்பை மொண்டு பழுத்த இடுக்கில் ஊற்றினான். புகை முகத்தில் அடித்தது. சிரித்துக்கொண்டே மற்றொரு கையால் முகத்தைத் தடவிக்கொண்டான். "இந்தப் பின்னை எவன் பிடிச்சுக்கிட்டிருக்கானோ, அவனுக்குப் போய்ச் சேரட்டும்."

இருவரும் சிரித்தார்கள்.

கூரைமேல் சாக்கு இழுபடும் சத்தம் நின்றது.

காற்று ஓய்ந்திருக்கும் என்று நினைத்தான். கதவிடுக்கில் பார்த்தான். வெளியே வெண்மை இன்னும் சுழன்றுகொண்டுதான் இருந்தது. சத்தம் மட்டும் இல்லை.

"அடிங்க மாமா."

டங்.

பதில் வரவில்லை.

"அசைஞ்சுது!" என்று கத்தினான் மக்சூத். "ஒரு நெல் அளவு அசைஞ்சுது!"

சார்சென் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பேரத்தில் எதிராளி திடீரென்று இறங்கி வந்தால் அப்பன் என்ன சொல்வார் என்பதுதான் நினைவுக்கு வந்தது. 'நீ கொடுக்காத எதையோ அவன் எடுத்துக்கிட்டான்டா. பையைத் தடவிப் பார்.'

கதவு திறந்தது. மாவு படிந்த கைகளோடு அக்மரால் நின்றாள். முகம் கோபத்தில் இல்லை, அதைவிட மோசமாக இருந்தது.

"வெள்ளிக்கிழமை கொழுப்பு காயுது. யார் பேரைச் சொன்னீங்க?"

"பின்னுக்குப் போட்டேன். இறுகிக் கிடந்துச்சு."

"பேர் என்ன சொன்னீங்கன்னு கேட்டேன்."

"பேரா? பின்னை எவன் பிடிச்சிருக்கானோ அவனுக்குன்னு ஒரு வார்த்தை, சும்மா, விளையாட்டுக்கு..."

அவள் சட்டியைப் பார்த்தாள். அது எங்கே தொங்கியது என்று அவளுக்குத் தெரியும். முதல் நாளே, இது சமையல் சட்டியில்லை, வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள் என்று சொன்னவள் அவள். குரலைத் தாழ்த்தினாள்.

"பேர் சொல்லாம விட்ட மணம், ஒரு பேர் கிடைக்கிற வரைக்கும் வாசல்லயே நிக்கும்னு எங்கம்மா சொல்லுவாங்க. சட்டியை இறக்கி மண்ணு போட்டு மூடுங்க. அது புகையுற வரைக்கும் உசிரோட இருக்கிற யார் பேரையும் இங்க எடுக்காதீங்க. அவன் பேரையும்தான்."

"உன் தம்பியை நான் என்னைக்குப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன்? கழுதைக்குக் கழுதைதான் பேரு."

"நான் இருக்கேன்" என்று குழிக்குள்ளிருந்து கனைத்துக் காட்டினான் மக்சூத்.

அக்மரால் சிரிக்கவில்லை. "டீ கொண்டு வரேன். அதுக்குள்ள மூடியிருக்கணும்" என்று சொல்லிவிட்டு வெண்மைக்குள் போனாள்.

சார்சென் அடுப்பை அணைத்தான். சட்டியை இறக்கித் தரையில் வைத்தான். மூடவில்லை. பாதிக் கொழுப்பு அப்படியே இருந்தது. பின் இப்போதுதான் நகர ஆரம்பித்திருக்கிறது. நல்ல வால் கொழுப்பின்மேல் மண்ணை அள்ளிப் போட எந்த வியாபாரிக்குக் கை வரும்? இன்னும் இரண்டு கரண்டி. அவ்வளவுதான். தடித்த இரும்பு சூட்டை விடாமல் வைத்துக்கொண்டு புகைந்துகொண்டே இருந்தது.

புகை மேலே போகவில்லை என்பதை அப்போது கவனித்தான். தரையோடு ஊர்ந்து லாரிக்கடியில் போனது. பின் கோத்திருக்கும் பட்டைத் துளைவரை போய், அங்கே நின்று, சுருண்டு, உள்ளே போனது. உறிஞ்சப்படுவதுபோல.

அடித்தான். பின் நகர்ந்தது. அடித்தான். நகர்ந்தது. இரும்போடு மல்லுக்கட்டுகிற உணர்வே இல்லை. வெண்ணெயில் அடிப்பதுபோல இருந்தது. மக்சூத் உட்பக்கம் பைப் ரென்ச்சால் பிடித்துத் திருகினான்.

"வந்துடுச்சு! மாமா, வந்துடுச்சு!" அப்புறம் வேறு குரலில்: "இது என்ன, துருவே இல்லையே."

"என்னது?"

"பின் வழவழன்னு இருக்கு. நடுவுல நாலு விரல் அகலத்துக்குத் தேய்ஞ்சு பளபளக்குது. ஊன்றுகோல் கைப்பிடி தேய்ஞ்ச மாதிரி."

துருவில்லாத பின் எப்படி இறுகும்?

சார்சென் சம்மட்டியை இரு கைகளாலும் இறுகப் பிடித்தபடி அசையாமல் மண்டியிட்டிருந்தான். இதுவரை சந்தேகப்பட்டதெல்லாம் தப்பான ஆள்மேல் என்று தோன்றியது. பல்தாபாய் எதையும் மறைக்கவில்லை. சொல்லிவிட்டுத்தான் கொடுத்தான். எங்கண்ணன் கழட்டப் பார்த்தான். கழட்டினாரா? இல்லை. அந்தக் கறுப்பு முக்காட்டுப் பெண்ணின் உதடுகள் சொன்னது ஒரு பெயரை.

அந்தப் பெயரை அவன் கேட்கவில்லை. குதிரையின் வயது, டயரின் வயது, எஞ்சினின் வயது எல்லாம் கேட்பவன் அதைக் கேட்கவில்லை.

"வெளிய வாடா" என்றான்.

"இருங்க, ஓட்டைக்குள்ள இருக்கிற புஷ் எவ்வளவு தேய்ஞ்சிருக்குன்னு விரலை விட்டுப் பார்த்துடறேன்."

எந்த மெக்கானிக்கும் செய்வதுதான். பின் கழன்றதும் ஓட்டையில் விரலை விட்டுச் சுற்றித் தடவிப் பார்ப்பது. தடுக்க வாய் எடுக்குமுன் அவன் விரலை நுழைத்துவிட்டான்.

குழிக்குள் பைப் ரென்ச்சு விழுந்து உருண்டது.

"மாமா, விரலை விடுங்க."

சார்செனின் இரண்டு கைகளும் சம்மட்டியில் இருந்தன.

"விளையாடாதீங்க மாமா. கை ஜில்லுன்னு இருக்கு, விடுங்க."

சார்சென் குனிந்தான். பின் கழன்ற ஓட்டை அவன் கண்ணுக்கு நேரே இருந்தது. டார்ச்சை அடித்தான். ஓட்டையின் நடுவில் மக்சூத்தின் விரல் நுனி தெரிந்தது. அதைச் சுற்றி எதுவும் இல்லை. ஆனால் நகம் ரத்தம் வற்றி வெளுத்திருந்தது. சதை இரண்டு பக்கமும் நசுங்கியிருந்தது. நன்றாகப் பற்றிய பிடியில் நசுங்குவதுபோல.

விரல் முன்னால் வந்தது.

நுனி ஓட்டையின் விளிம்புக்கு வந்தது. வெளியே வந்தது. முதல் கணு. இரண்டாவது கணு. இன்னும் வந்தது. அவ்வளவு நீள விரல் எந்த மனிதனுக்கும் கிடையாது.

"மாமா!"

அப்புறம் அது ஆட ஆரம்பித்தது. மேலே. கீழே. மேலே. கீழே. அவசரமில்லாமல். விடாமல்.

சார்செனுக்கு அந்த ஆட்டம் தெரியும். பிறந்ததிலிருந்தே தெரியும். விலை கேட்கிறது.

வாயைத் திறக்காதே. முதலில் வாய் திறப்பவன் தோற்றான். பல்லைக் கடித்தான். மேலே. கீழே. குழிக்குள் மக்சூத் அழுகிற சத்தம், பெரிய உடம்பிலிருந்து சின்னப் பிள்ளை அழுகிற சத்தம்.

"லாரியை எடுத்துக்கோ" என்றான் சார்சென்.

மேலே. கீழே.

"கடையை எடுத்துக்கோ. எல்லாத்தையும். நீங்க யாரு? பல்தாபாயோட அண்ணனா? உங்க பேர் என்னங்க? சொல்லுங்க, பேரைச் சொல்லி மணம் விடறேன், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும்..."

மேலே. கீழே. சட்டி புகைந்தது. புகை முழுக்க ஓட்டைக்குள் போய்க்கொண்டிருந்தது.

உள்ளே எலும்பு ஒன்று முறிந்தது. மக்சூத் அலறினான். அந்த அலறலில் சார்செனுக்குப் பேரமும் மறந்தது, கொள்கையும் மறந்தது, மனைவி சொன்னதும் மறந்தது. அந்தப் பையனைப் பிறந்ததிலிருந்து தெரிந்தவன், ஒருநாளும் பெயர் சொல்லி அழைக்காதவன், தொண்டை கிழியக் கத்தினான்.

"மக்சூத்!"

ஆட்டம் நின்றது.

விரல் ஒருமுறை அழுத்தப்பட்டது. ஒரே ஒரு அழுத்து.

பிறகு விட்டது. விரல் பின்னால் சரிந்து ஓட்டைக்குள் போய் மறைந்தது.

அலறல் இல்லை. அழுகை இல்லை. மூச்சு இல்லை. சார்சென் வயிற்றால் ஊர்ந்து குழி விளிம்புக்குப் போய் எட்டிப் பார்த்தான். விளக்கு எரிந்தது. பைப் ரென்ச்சு கிடந்தது. மக்சூத்தின் தொப்பி கிடந்தது, உள்பக்கம் மேலாக. அவ்வளவுதான்.

பின்னைக் காணோம்.

முதுகுக்குப் பின்னால் இரும்பு இரும்பை உரசியது. திரும்பினான். ஓட்டைக்குள் உட்பக்கத்திலிருந்து எதுவோ மெல்லத் திருகிக்கொண்டு வந்தது. வட்டமான முகம். முகப்போடு சமமாக வந்து நின்றது. விளிம்பைச் சுற்றி வெள்ளையாக உப்புப் பூத்தது. நூறு வருஷமாக அங்கேயே இருப்பதுபோல.

கூரைமேல் சாக்கு இழுபடும் சத்தம் மறுபடி தொடங்கியது.

கதவு திறந்தது. ஆவி பறக்கும் டீக் கிண்ணங்களோடு அக்மரால் வந்தாள். தரையில் உட்கார்ந்திருந்த புருஷனைப் பார்த்தாள். புகை நின்று ஆறிப்போன சட்டியைப் பார்த்தாள். குழிப் பக்கம் திரும்பினாள்.

"அவன் எங்கே?"

சார்சென் வாய் திறக்கவில்லை.

லாரியின் இடது பக்கத்திலிருந்து, இரும்புக்குள்ளிருந்து, மெதுவாகக் கேட்டது. நீளமாக ஒன்று. விட்டு, குட்டையாக இரண்டு.

டக். டக்டக்.

அக்மராலின் முகம் மலர்ந்தது. தோள் தளர்ந்தது. "கழுதை, ஒளிஞ்சுக்கிட்டு விளையாடறியா?" என்று சிரித்துக்கொண்டே குழி விளிம்பில் குந்தி, ஒரு கிண்ணத்தைக் காலியான குழிக்குள் நீட்டினாள். "ஆறிடப்போகுது. இந்தா, கையை நீட்டு."